1996 றேஞ்சர் பிக்கப்பில் எக்ஸ்புளோரரின் பின் அச்சைப் பொருத்துவது பற்றி

கேள்வி

வணக்கம். ரொறன்ரோவில் என்னிடம் 1996ஆம் ஆண்டு ஃபோர்ட் றேஞ்சர், நான்கு சில்லு இழுவை கொண்ட பிக்கப், ஒன்று உள்ளது. வீதியில் கொட்டும் உப்பினால் பின் அச்சின் ஹவுசிங் துருவேறிக் கசிகிறது. மணிக்கு 70 கிலோமீற்றரைத் தாண்டியதும் பினியனின் (சுழற்சியை அச்சுக்குள் கொண்டுசெல்லும் சிறு பற்சக்கரம்) பேரிங் ஊளையிடுகிறது. இப்போதுள்ளது 7.5 அங்குல அச்சு (அதாவது உள்ளே பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரௌனின் விட்டம்). உடைத்து விற்கும் யார்ட் ஒன்றில் 1998 எக்ஸ்புளோரரின் 8.8 அங்குல அச்சு டிஸ்க் பிறேக்குடன் கிடைக்கிறது. இரண்டிலும் ஐந்து போல்ட், 4.5 அங்குல வட்டம் என்பதால் என் சில்லுகள் பொருந்தும். யார்டுக்காரர் விகிதம் (கிரௌன் ஒரு சுற்றுச் சுற்றப் பினியன் சுற்றும் தடவை) 3.73 என்கிறார், ஆனால் அச்சிலுள்ள தகடு துருவில் அழிந்துவிட்டது. வாங்குமுன் எவற்றைப் பார்க்க வேண்டும்?

பதில் 1

அண்ணா, முதலில் விகிதத்தை உங்கள் கண்ணால் உறுதி செய்யுங்கள். முன் அச்சு 3.73 ஆக இருக்கப் பின்னால் 3.55 வந்துவிட்டால், காய்ந்த தார் வீதியில் நான்கு சில்லு இழுவையைப் போட்டதும் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று இழுத்து, அந்தப் பாரம் முழுவதும் எஞ்சின் விசையை இரு அச்சுகளுக்கும் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் மேல் விழும். பின்மூடியைக் கழற்றிப் பற்களை எண்ணுவதே நம்பகமான வழி: கிரௌனில் 41, பினியனில் 11 இருந்தால் 3.73, 39க்கு 11 என்றால் 3.55. மூடியைத் திறக்க விடாவிட்டால், சாதாரண டிஃபரன்ஷியலில் (இரு சில்லுகளையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் தொகுதி) ஒரு பக்கத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மறுபக்கத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். பினியனில் சோக்கினால் இட்ட கோடு நான்கு சுற்றுக்குக் கால் சுற்றளவு குறைவாக வந்து நிற்க வேண்டும்.

பதில் 2

இந்த மாற்றத்தை நான் செய்திருக்கிறேன். விகிதத்தை விட ஒட்டுவேலைதான் (வெல்டிங்) என்னை வருத்தியது. எக்ஸ்புளோரரில் தகட்டு வில்கள் அச்சுக்குக் கீழே செல்கின்றன, உங்கள் றேஞ்சரில் மேலே இருக்கின்றன. ஆகவே அச்சில் வில்கள் அமரும் பழைய இருக்கைகளை வெட்டியெடுத்துவிட்டு, 3.25 அங்குலக் குழாய்க்குரிய புதிய இருக்கைகளை மேற்புறத்தில் ஒட்ட வேண்டும். யூ போல்ட்களும் அதே அளவில் புதியவையாக இருக்கட்டும். வண்டியின் பாரம் வில்களில் இறங்கிய நிலையில் பினியன் கோணத்தைப் பார்த்துப் புள்ளி ஒட்டு மட்டும் போட்டு, பிறகு அச்சை இறக்கி முழுதாக ஒட்டுங்கள். நான் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் ஒட்டி முடித்தேன். சூட்டில் குழாய் சிறிது வளைந்து, அடுத்த கோடைக்குள் பின் ரயரின் உள்விளிம்பு நூல் தெரியுமளவுக்குத் தேய்ந்துவிட்டது. ஓர் அங்குலம் ஒட்டிவிட்டு மறுபக்கத்துக்கு மாறுங்கள். கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறும்வரை காத்திருங்கள். பினியன் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீட்டுக்கு இணையாக இருப்பது அவசியம்.

பதில் 3

மேலே சொன்ன இணைக்கோணம், ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து பின் அச்சுக்கு வரும் ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஒற்றை ஜொயின்ற் (சாய்ந்தபடி சுழல விடும் இணைப்பு) இருந்தால்தான் சரி. ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜொயின்ற் இருந்தால், பினியன் ஷாஃப்டை நேராக நோக்கி நிற்க வேண்டும். கோணத்தை முடிவு செய்யுமுன் வண்டிக்கடியில் படுத்து இதைப் பாருங்கள்; தவறினால் ஊளைக்குப் பதிலாக அதிர்வு வந்து சேரும்.

இன்னொன்று, பணம் கொடுக்குமுன் பிறேக் டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள். கைப்பிறேக்கின் சிறிய ஷூக்கள் டிஸ்க்கின் நடுக்கிண்ணத்துக்குள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கும் பின்தகடு நம் ஊர் உப்பில் காகிதம்போல் உதிர்ந்துவிடும். பிறேக் குழாய்ச் சந்தியை அச்சோடு இறுக்கும் போல்டையும் தவறவிடாதீர்கள். அதன் நடுவே துளை உண்டு, அச்சு மூச்சுவிடுவது அதன் வழியாகத்தான். அதைத் தொலைத்துவிட்டுச் சாதாரண போல்டைப் போட்டால், உள்ளே சூடேறும் காற்று எண்ணெய் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று யார்டுக்குப் போய் மூடியைத் திறந்து எண்ணினேன்: 41, 11. இடப்பக்கப் பின்தகட்டில் என் விரல் நுழைந்துவிட்டது; புதியது ஒன்று வாங்கும் செலவைக் கழித்து விலை பேசியிருக்கிறேன். என் வண்டியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் இரட்டை ஜொயின்ற்தான் இருக்கிறது.