ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ்: தினமும் ஒரு மணி நேரம் மட்டும் ஆடுகிறவர்களுக்குச் சரிப்படுமா?

நிழல்வில்:

கில்ட் வார்ஸ் 2 ஆன்லைன் ஆட்டத்தில் என் ரேஞ்சர் (வில்லாளி) ஒருவழியாக லெவல் 80 ஆகிவிட்டான், ஸைத்தான் என்ற டிராகனின் கதையும் முடிந்தது. பாலைவனத்தில் நடக்கும் பாத் ஆஃப் ஃபயர் எக்ஸ்பான்ஷனை வாங்கியபோது, காட்டில் நடக்கும் முந்தைய எக்ஸ்பான்ஷன் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸும் கூடவே வந்துவிட்டது, அதனால் பணம் ஒரு கேள்வி இல்லை, நேரம்தான் கேள்வி. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு ஒரு மணி நேரம் கிடைக்கும், அதிலும் குழந்தை அழுதால் எழுந்து ஓட வேண்டும். ரெய்டு (குழுவாகச் சேர்ந்து ஆடும் பெரிய சண்டை), கில்ட் (ஆட்டக்காரர் சங்கம்) கூப்பிடும் நேரத்துக்குப் போய் நிற்பது எதுவும் எனக்கு ஒத்துவராது. தனியாகச் சுற்றுவேன், வழியில் ஈவென்ட் நடந்தால் சேர்ந்துகொள்வேன், அவ்வளவுதான் என் ஆட்டம்.

காட்டின் முதல் மேப்பான வெர்டன்ட் பிரிங்க்குள் போய்ப் பார்த்தேன். புதருக்குள்ளிருந்து முழங்கால் உயரம்கூட இல்லாத பாக்கெட் ராப்டர் கூட்டம் ஒன்று பாய்ந்து வந்தது, என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் என் ஆள் தரையில் கிடக்கிறான். தள்ளி நின்று வில்லால் அடித்துக்கொண்டே இருப்பது அடிப்படை மேப்களில் போதுமானதாக இருந்தது, இங்கே அது ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

இது என்னைப் போன்றவர்களுக்கும் சேர்த்துச் செய்த எக்ஸ்பான்ஷன்தானா? பழகினால் சரியாகுமா, இல்லை பேசாமல் பாலைவனத்துக்கே போய்விடட்டுமா?

காட்டுவழி:

பழகினால் சரியாகும் நண்பா, உறுதியாகச் சொல்கிறேன். 2015 அக்டோபரில் இது வந்தபோது தனியாக ஆடுகிறவர்கள் எல்லோரும் இதே குறையைத்தான் சொன்னார்கள், அப்போது நிலைமை இதைவிடக் கடினம். ஒரு எலைட் ஸ்பெஷலைசேஷனை (உங்கள் ஆளுக்குக் கிடைக்கும் புதிய சண்டை வகை) முழுதாகத் திறக்க 400 ஹீரோ பாயின்ட் வேண்டியிருந்தது. வெளிவந்த கொஞ்ச நாளிலேயே அதை 250 ஆகக் குறைத்தார்கள், 2016 ஏப்ரலில் வந்த அப்டேட்டில் அந்தப் பாயின்ட் தரும் ஹீரோ சேலஞ்ச் பலவற்றையும் தனி ஆளால் முடிகிற அளவுக்கு இறக்கினார்கள். காட்டுக்குள் ஒவ்வொரு சேலஞ்சுக்கும் 10 பாயின்ட், பழைய மேப்களில் நீங்கள் சேர்த்ததில் மிச்சம் இருந்தால் அதுவும் கணக்கில் வரும். ஆக உங்களுக்கு ரேஞ்சரின் எலைட் ஸ்பெஷலைசேஷனான டிரூயிட் கிடைப்பது ரொம்பத் தூரத்தில் இல்லை.

சண்டைக்கு வருவோம். இந்தக் காட்டில் உங்களைக் கொல்வது டேமேஜ் குறைவு அல்ல, எதிரியைக் கவனிக்காமல் அடித்துக்கொண்டே இருப்பதுதான். ராப்டர் கூட்டத்துக்கு ஹெல்த் மிகக் குறைவு. ஒவ்வொன்றாகக் குறிவைத்தால் செத்தீர்கள், லாங்போவில் ஐந்தாவது ஸ்கில் பராஜ் (அம்பு மழை) இருக்கிறதே, அதை உங்களைச் சுற்றியே போட்டுவிட்டு ஒரு டாட்ஜ் (உருண்டு விலகுவது) அடியுங்கள், பாதிக்கு மேல் காணாமல் போகும். ஸ்மோக்ஸ்கேல் என்ற மிருகம் புகையைக் கிளப்பினால் அதற்குள் நின்று அது எல்லா அடியையும் தட்டிவிடும், அந்த நேரத்தில் அம்பை வீணாக்காமல் பின்வாங்குங்கள், புகையை விட்டு அது வெளியே வந்ததும் அடியுங்கள். பெரிய எதிரிகளுக்கு ஹெல்த்துக்குக் கீழே ஒரு நீலப் பட்டை தெரியும். அதை உடைக்க டேமேஜ் உதவாது, தள்ளுவது, மயக்குவது, பயமுறுத்துவது போன்ற ஸ்கில்கள்தான் உதவும். உங்களிடமே இருக்கின்றன: லாங்போவில் நான்காவது, ஓநாயை வைத்திருந்தால் அதன் ஊளை. பட்டை உடைந்ததும் அந்த எதிரி சில நொடி செயலிழந்து நிற்கும், அதுதான் உங்கள் அடியெல்லாம் போய் இறங்க வேண்டிய நேரம். அடிப்படை மேப்கள் இதையெல்லாம் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லித்தருவதில்லை, 80 லெவல் வரை தூங்கிக்கொண்டே வந்துவிடலாம், அப்புறம் திடீரென்று காடு வந்து கேட்கிறது. எனக்கு இந்த எக்ஸ்பான்ஷன் மேல் உள்ள ஒரே கோபம் அதுதான்.

அப்புறம் அந்த ஸ்மோக்ஸ்கேலையே ரேஞ்சரால் பெட்டாக (கூடவே சண்டையிடும் வளர்ப்பு மிருகமாக) எடுத்துக்கொள்ள முடியும், கட்டாயம் எடுங்கள்.

கல்தச்சன்:

காட்டுவழி சொன்ன சண்டை விஷயம் எல்லாம் சரி, ஆனால் நிழல்வில் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அவருக்குக் குறைவாக இருப்பது திறமை அல்ல, தடையில்லாத நேரம். ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் அந்த இடத்தில்தான் ஆளைப் பிடிக்கும். நான்கு மேப்பும் கடிகாரத்தைப் பார்த்து ஓடுகின்றன. டிராகன்ஸ் ஸ்டாண்டை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று வழியாகப் பிரிந்து மேலேறி, காட்டை ஆளும் டிராகன் மோர்ட்ரெமோத்தின் வாய் வரை போக ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும், பாதியில் குழந்தையைத் தூக்கப் போய் லாக்அவுட் ஆகிவிட்டால் திரும்பி வரும்போது அதே இன்ஸ்டன்சில் (மேப்பின் அதே நகலில்) இடம் இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. டேங்கிள்ட் டெப்த்ஸ் இன்னொரு தலைவலி, ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கடுக்கான குகைகள், மேப்பைத் திறந்து பார்த்தால் குறி உங்கள் காலடியிலேயே இருக்கிற மாதிரி தெரியும், உண்மையில் அது இரண்டு அடுக்கு கீழே இருக்கும். ஒரு மணி நேரத்தில் பாதி வழி தேடுவதிலேயே போனால் அந்த ராத்திரி என்ன ஆடினோம் என்று இருக்காதா?

என் யோசனை, முதலில் பாலைவனம். பாத் ஆஃப் ஃபயர் ஆரம்பத்திலேயே ராப்டர் மவுண்ட் (ஏறிச் செல்லும் மிருகம்) கிடைக்கும், அப்புறம் டெசர்ட் ஹைலேண்ட்ஸ் மேப்பில் உயரத் தாவும் மவுண்டான ஸ்ப்ரிங்கர். அந்த மேப்கள் யாரும் கூட வராவிட்டாலும் ஆடக்கூடியவை. ஸ்ப்ரிங்கரோடு காட்டுக்குத் திரும்பினால் கிளைடிங் மாஸ்டரி (எக்ஸ்பி சேர்த்துக் கற்கும் காற்றில் மிதக்கும் திறன்) இல்லாமல் போக முடியாத பல உயரங்களுக்கு நேராகத் தாவி ஏறலாம், வெர்டன்ட் பிரிங்க் வேறு மேப் மாதிரி ஆகிவிடும். கதை வரிசை கெடும், அது உண்மை, மோர்ட்ரெமோத் கதைக்குப் பிறகு நடப்பதுதான் பாலைவனம். கதை முக்கியம் என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

மாலைப்பொழுது:

வணக்கம். எனக்கு மணிக்கட்டு வலி, விரல்களும் முன்போல ஓடாது, ஆனாலும் எல்லா மேப்களையும்விட இந்தக் காட்டில்தான் அதிகம் ஆடியிருக்கிறேன், அதனால் நிறையப் பேருக்கு இது ஒத்துவராது என்று பொதுவாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் ஆடுவது நெக்ரோமான்சர், அதன் எலைட் ஸ்பெஷலைசேஷன் ரீப்பர். ஷ்ரவுட் என்ற நிழல் உருவத்துக்குள் போனால் அது இரண்டாவது ஹெல்த் பட்டை மாதிரி அடியைத் தாங்குகிறது, மினியன்கள் (நான் வரவழைக்கும் ஏவல் உருவங்கள்) எதிரியைப் பிடித்து வைக்கின்றன, நான் நிதானமாக யோசித்து ஒரு பட்டனை அழுத்த நேரம் கிடைக்கிறது. ரேஞ்சரிலும் பெட் அதே வேலையைச் செய்யும் தம்பி. அடியை மட்டும் கூட்டும் பெர்சர்க்கர் கியர் போட்டிருந்தால் கொஞ்ச நாளைக்குக் கழற்றி வையுங்கள், டஃப்னஸ் (அடி தாங்கும் திறன்), வைட்டாலிட்டி (ஹெல்த்) உள்ள சோல்ஜர் மாதிரி ஒன்றைப் போடுங்கள். எதிரி சாகக் கூடுதல் நேரம் ஆகும், பரவாயில்லை, நாம் நிற்போம்.

நேரம் பற்றிக் கல்தச்சன் சொன்னது டிராகன்ஸ் ஸ்டாண்டுக்கு முழுக்கப் பொருந்தும், காட்டின் இன்னொரு மேப்பான ஆரிக் பேசினுக்கு அவ்வளவு பொருந்தாது. அங்கே டாரிர் நகரத்தின் வாசல்களைத் தாக்கும் ராட்சதக் கொடியான ஆக்டோவைனுடன் சண்டை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வருகிறது, எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரியும், சண்டை தொடங்கும் சமயத்துக்கு எல்எஃப்ஜியை (குழு தேடும் பட்டியலை) திறந்தால் யாராவது குழு போட்டிருப்பார்கள், சேர்ந்துகொண்டு கமாண்டர் டேக் (குழுத் தலைவரின் அடையாளம்) போகும் வாசலுக்குப் போனால் போதும். நான்கு வாசலிலும் உள்ள ஆக்டோவைன்களை ஏறக்குறைய ஒரே நேரத்தில் வீழ்த்த வேண்டும், ஒரு பக்கம் முந்திக்கொண்டு முடித்துவிட்டால் காரியம் கெட்டுவிடும், அதனால் கடைசி நிமிஷங்களில் சாட்டில் ஒவ்வொரு வாசலும் எத்தனை சதவீதம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அடிக்காதே நிறுத்து என்று கத்துவார்கள், முடிந்ததும் டாரிர் நகரத்தின் கீழ் அறைகள் திறந்து எல்லோரும் பெட்டி பெட்டியாக ஓடுவார்கள். எழுபது பேரோடு சேர்ந்து ஒரு காரியம் முடித்த திருப்தி, அதற்கு நான் யாரிடமும் முன்கூட்டி நேரம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. சண்டையில் முழுதாகச் செத்துவிட்டால் மட்டும் தூக்கிவிடுவார்கள் என்று கிடக்காமல் வேபாயின்ட் (உயிர்த்தெழுந்து தாவும் இடம்) எடுத்து ஓடி வந்துவிடுங்கள், அதுதான் மரியாதை.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. 2012-இல் ஆட்டம் வந்ததிலிருந்து லெவல் உச்சம் 80-தான். மாஸ்டரிகள் அக்கவுன்ட் முழுக்கப் பொது, ஒரு முறை கற்றால் போகாது. மாதச் சந்தாவும் இல்லை. இரண்டு மாதம் ஆடாமல் விட்டுத் திரும்பி வந்தால் உங்கள் கிளைடரும் கியரும் அப்படியே செல்லுபடியாகும். நேரம் குறைந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி ஒரு ஆன்லைன் ஆட்டத்தில் என்ன இருக்க முடியும்?

கல்தச்சன்:

ஆக்டோவைன் விஷயத்தில் மாலைப்பொழுது சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று, பாலைவனத்தில் கிடைக்கும் எக்ஸ்பி காட்டு மாஸ்டரிக்குச் சேராது, இரண்டும் தனித்தனிக் கணக்கு. நான் சொன்ன வழியில் போனால் கிளைடிங் அதே இடத்தில்தான் நிற்கும், இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

நிழல்வில்:

எல்லோருக்கும் நன்றி. கதை வரிசை எனக்கு முக்கியம்தான், ஆனாலும் ராப்டரும் ஸ்ப்ரிங்கரும் கிடைக்கும் வரை மட்டும் பாலைவனத்தில் இருந்துவிட்டுத் திரும்பப் போகிறேன். கியரை இன்றைக்கே மாற்றிவிடுகிறேன். பராஜை எனக்கே சுற்றிப் போட்டுப் பார்த்தேன், ராப்டர் கூட்டம் நிஜமாகவே கரைந்துவிட்டது! ஒரு சந்தேகம் மட்டும்: காட்டில் முதலில் எந்த மாஸ்டரியில் எக்ஸ்பியைப் போடுவது?

காட்டுவழி:

கிளைடிங்கில் மேல்காற்றைப் பிடித்து ஏறும் அப்டிராஃப்ட், அடுத்து குதிக்கும் காளான்கள். இந்த இரண்டும் முடிகிற வரை வேறு எதையும் தொடாதீர்கள். ஆரிக் பேசினில் நேரம் ஒத்துவந்தால் சாட்டில் ஒரு குரல் கொடுங்கள், வடக்கு வாசலில் இருப்பேன்.