கிளியின் மார்பு மீன் செதில் மாதிரி வருகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி:
ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் 1830–32இல் வெளியிட்ட கிளிப் படங்களை எச்பி பென்சிலால் ஏ4 ஜெராக்ஸ் தாளில் பார்த்து வரைகிறேன். மார்பு இறகுகள் மீன் செதிலாகிவிடுகின்றன. விரலால் தேய்த்தால் அழுக்காகிறது. பேசாமல் ஜெர்மன் ஓவியர் டியூரரின் காண்டாமிருகப் படத்துக்கு மாறிவிடலாமா?

பதில் 1:
ஒவ்வோர் இறகுக்கும் முழுக் கோடு போட்டால் செதில்தான் வரும். முதலில் 2எச் பென்சிலில் (கடினமானது, வெளிறிய கோடு தரும்) தலைக்கும் உடலுக்கும் இரண்டு முட்டை வடிவம், முதுகின் சாய்வுக்கு ஒரு கோடு. தலையின் நீளத்தை அளவாக வைத்து உடலும் வாலும் எத்தனை தலை என்று எண்ணிக்கொள்ளுங்கள். பிறகு 2பி பென்சிலால் (மென்மையானது, கருமையான கோடு தரும்) மார்பு முழுவதையும் ஒரே உருண்டையாக நினைத்து நிழல் போடுங்கள். இறகு நுனிகளை ஒளியும் நிழலும் சந்திக்கும் பட்டையில் மட்டும் காட்டுங்கள், பத்துப் பன்னிரண்டு போதும். வெளிச்சப் பக்கத்தில் ஒன்றுகூட வேண்டாம். விரலுக்குப் பதில் நீடபிள் எரேசரை (பிசைந்து உருமாற்றக்கூடிய அழிப்பான்) கூராக உருட்டி ஒற்றி எடுங்கள். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் இருக்கட்டும்.

பதில் 2:
தாளை மாற்றுங்கள். ஜெராக்ஸ் தாள் வழவழப்பு. 2பி வழுக்கிப் பளபளக்கும். 150 ஜிஎஸ்எம் கனமுள்ள கார்ட்ரிட்ஜ் (ஓவியத் தாள்) எடுங்கள். லியர் இந்தக் கிளிப் படங்களைக் கல்லச்சுக்காக (கல்லில் வரைந்து தாளில் அச்சிடும் முறை) கல்லின்மேல் தானே கிரேயானால் வரைந்தார். அந்தக் கல்லின் சொரசொரப்பு தாளிலும் இருந்தால்தான் அதே மென்மை கிடைக்கும்.

இன்னொன்று: அவை கையால் வண்ணம் தீட்டிய படங்கள். சிவப்பு இறகை நிழல் என்று நினைத்துக் கறுப்பாக்கிவிடுவோம். நிறம் எது, நிழல் எது என்று முதலில் பிரியுங்கள். கால்களையும் பாருங்கள்: கிளிக்கு இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. காக்கைக் கால் போட்டுவிடாதீர்கள்!

பதில் 3:
டியூரருக்கு மாறினால் இந்தச் சிக்கல் தீராது, அது வேறு பயிற்சி. 1515இல் வந்த மரச்செதுக்கு அச்சு அது. நிழல் முழுக்கக் கோட்டு இடைவெளியில்தான் இருக்கிறது. எச் பென்சிலைக் கூராக்கி, 5 செ.மீ. கட்டங்களில் 3, 2, 1 மி.மீ. இடைவெளியில் கோடு போட்டுப் பழகிவிட்டு காண்டாமிருகத்தின் வயிற்று மடிப்புக்குப் போங்கள். கோடு உடலின் வளைவோடு வளைய வேண்டும், நேராகப் போட்டால் தட்டையாகிவிடும். முனை மழுங்கினால் இடைவெளி அடைபட்டு சாம்பல் பூச்சாகும்.

உடலமைப்புக்கு மட்டும் அதை நம்பாதீர்கள். போர்ச்சுகலின் லிஸ்பனுக்கு வந்த அந்த விலங்கை டியூரர் பார்க்கவே இல்லை. முதுகில் இருக்கும் குட்டிக் கொம்பு கற்பனை. லியரோ லண்டன் விலங்கியல் சங்கத்தில் உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்தவர். உடலமைப்பைக் கற்க அவரிடமே இருங்கள்.