கொல்லைத் தொட்டியில் வெள்ளாம்பல்: படத்தில் சுண்ணாம்புபோல் விழுகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி (கொல்லைத்தோட்டம்):
அனைவருக்கும் வணக்கம். தஞ்சை மாவட்டத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில், ஆறடிக்கு நாலடி சிமெண்ட் தொட்டி ஒன்றில் வெள்ளாம்பலும் நீல அல்லியும் வளர்க்கிறேன். தென்னை மரங்களைத் தாண்டித் தொட்டியில் வெயில் விழ ஒன்பதரை மணி ஆகிவிடுகிறது. வெளிச்சம் நன்றாக இருக்கட்டும் என்று அதுவரை காத்திருந்து எடுத்தால், வெள்ளைப் பூ பாதி குவிந்த நிலையில், இதழில் ஒரு நரம்புகூடத் தெரியாமல், சுண்ணாம்பு அப்பியதுபோல விழுகிறது. இலைகள் மேலும் நீர் மேலும் வானத்தின் வெளிறிய பளபளப்பு வேறு. தங்கை மகனிடம் போலரைசர் ஃபில்டரை (பளபளப்பைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டிச் சுழற்றும் கண்ணாடி) இரவல் வாங்கி, விளிம்பில் நின்று நேர் கீழே நோக்கி எடுத்தும் அந்தப் பளபளப்பு குறையவில்லை. என்னிடம் இருப்பது சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் 18-55 லென்ஸும்தான். புது லென்ஸ் வாங்கத்தான் வேண்டுமா?

பதில் 1 (குளத்துமேடு):
லென்ஸுக்குச் செலவு செய்யாதீர்கள் அம்மா. கடிகாரத்தை மாற்றினால் போதும். வெள்ளாம்பல் இரவில் மலரும் இனம். மாலை மங்கியதும் விரியத் தொடங்கி, மறுநாள் முற்பகலில் குவிந்துவிடும். நிலவைக் கண்டு ஆம்பல் மலர்வதாக நம் புலவர்கள் பாடியது வெறும் கற்பனையன்று. நீங்கள் வெயிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் அது கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. விடிந்த கையோடு, ஆறு மணி வாக்கில் போய்ப் பாருங்கள். நீல அல்லிக்கு இது பொருந்தாது. அது காலை வெயில் ஏறிய பிறகே நன்றாக விரிந்து பிற்பகலில் குவியும் என்பதால், உங்கள் ஒன்பதரை மணி அதற்குச் சரியான நேரமே. அதிலும் முதல் நாள் பூவைத் தவறவிடாதீர்கள். அன்று நடுக்கிண்ணத்தில் தெளிந்த நீர்மம் தேங்கி நிற்கும். அடுத்த நாள் மகரந்தத் தாள்கள் உள்நோக்கி வளைந்து அதை மூடிவிடும்.

பதில் 2 (நிழற்படப்பித்தன்):
இதழ் நரம்புகள் காணாமற்போவதற்குக் காரணம் தொட்டியின் கரிய நீர். படச் சட்டத்தின் பெரும்பகுதி இருட்டாக இருப்பதால், காட்சி முழுவதும் மங்கல் என்று கேமரா தவறாகக் கணக்கிட்டு வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. அந்தக் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்காமல் வெள்ளை இதழ்கள் வெளுத்துப் போகின்றன. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) மைனஸ் ஒன்றுக்குக் கொண்டுபோய் எடுத்து, ஹிஸ்டோகிராம் (படத்தின் இருளும் ஒளியும் பரவியிருப்பதைக் காட்டும் வரைபடம்) வெளிச்சப் பக்கமான வலது ஓரத்தில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் இன்னும் கறுத்துப்போகும். என் கண்ணுக்கு அதுவே அழகு. கைப்பேசியில் எடுப்பவர்களும் பூவின் மேல் விரலை வைத்துத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கீழிறக்கினால் இதே பலன் கிடைக்கும்.

பதில் 3 (ஈரமண்):
போலரைசர் மேல் குற்றமில்லை, நின்ற இடந்தான் தவறு. நீரில் பட்டுத் திரும்பும் ஒளியை அது மிகுதியாக வெட்டுவது, நீர்ப்பரப்புக்கு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போதுதான்; நேர் மேலிருந்து பார்த்தால் வளையத்தை எவ்வளவு திருப்பினாலும் பயன் இராது. தொட்டியிலிருந்து ஓரடி பின்வாங்கி, ஒரு முக்காலியில் உட்கார்ந்து சாய்வாகப் பாருங்கள். ஆனால் அது ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) ஒளியை விழுங்கிவிடும் என்பதால், விடியற்காலையில் ட்ரைபாட் இல்லாமல் அதை மாட்ட வேண்டாம். அந்த நேரத்துக்கு நான் நம்புவது கறுப்புக் குடையைத்தான்: பூவுக்கு எதிர்ப்புறம் ஒருவர் அதை விரித்துச் சாய்த்துப் பிடித்தால், வானத்துக்குப் பதிலாகக் குடையின் கருமை நீரில் விழும்.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இன்று காலை ஆறே காலுக்குக் குடையுடன் என் கணவரை எதிர்ப்புறம் நிறுத்தினேன். காப்பி கூடக் குடிக்கவில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அசையாமல் நின்றார். மைனஸ் ஒன்றில் வைத்ததும் இதழின் நெடுக்கு நரம்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கொசுப் புழுவுக்காக விட்ட கப்பி மீன்கள்தாம் அடியிலிருந்து தண்டை இடித்து நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தன. எடுத்த முப்பது படங்களில் நான்குதான் தேறின. நீல அல்லியில் புது மொட்டு ஒன்று நீர்மட்டத்துக்கு மேலே தலைநீட்டியிருக்கிறது. நாளை அது விரிந்தால், அந்தக் கிண்ணத்து நீர்மத்தைப் படமாக்கிக் காட்டுகிறேன்.