ஓய்வூதியப் பணத்தை நானே நிர்வகிக்கக் கற்பது எப்படி?

கேள்வி: 60 வயதில் ஓய்வுபெற்றுள்ள நான், கிடைத்த பணிக்கொடையை மகனிடம் ஒப்படைக்காமல் நானே நிர்வகிக்கக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1: நல்ல முடிவு, ஐயா. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் விதிகளை முதலில் படியுங்கள். 30 லட்சம் ரூபாய் வரை 5 ஆண்டுகளுக்குச் செலுத்தலாம். வட்டி காலாண்டுதோறும் வரும். ஆனால் ஓராண்டுக்குள் கணக்கை முடித்தால், அதுவரை கொடுத்த வட்டியை அசலிலிருந்து கழித்துக்கொள்வார்கள் என்பதால், மருத்துவச் செலவுக்கான தொகையைத் தனியே ஒதுக்கிவிட்டு மீதியை மட்டும் செலுத்துவதே சரியென்று உறுதியாகச் சொல்வேன்.

பதில் 2: எடுக்காத காலாண்டு வட்டிக்கு மேல்வட்டி சேராது. வட்டிக்கு வருமான வரியும் உண்டு.

பதில் 3: இத்திட்டத்தில் கூட்டுக் கணக்கை வாழ்க்கைத் துணையுடன் மட்டுமே தொடங்க முடியும், ஆகவே அம்மாவும் உங்களுடன் சேர்ந்து இவற்றைக் கற்கட்டும்.