டென்னன்ட் போனதோடு போதும் என்கிறார் அப்பச்சி

பள்ளத்தூர் வளவு கேட்கிறார்:

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அனுப்பிய ‘டாக்டர் ஹூ’ (காலத்தில் பயணிக்கும் டாக்டர் ஒருவரின் கதை, பிபிசி தொடர், டாக்டராக நடிப்பவர் அவ்வப்போது மாறுவார்) டிவிடிகளை, என் தகப்பனார் அப்பச்சியும் நானும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பட்டாலையில் உட்கார்ந்து பார்த்து வருகிறோம். 2005-இல் மறுபடி தொடங்கியதிலிருந்து வரிசையாக. போன வாரம் டாக்டராக நடித்த டேவிட் டென்னன்ட் விடைபெறும் ‘தி எண்ட் ஆஃப் டைம்’ முடிந்தது. அடுத்த பெட்டியைப் பிரித்தேன். அட்டையில் அடுத்த டாக்டர் மேட் ஸ்மித்தின் முகத்தைப் பார்த்தவர், “போதுந்த்தா, இனி எனக்கு வேண்டாம்” என்று எழுந்துவிட்டார்.

ஆள் மாறுவது அவருக்குப் புதிதல்ல. கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டன் 13 எபிசோடோடு போனபோது இரண்டு நாள் முணுமுணுத்தார், அப்புறம் டென்னன்ட்டை ஏற்றுக்கொண்டார். இந்த முறை அப்படி இல்லை. வீட்டு மனுஷன் ஒருத்தர் போன மாதிரி இருக்கிறார்.

எனக்குத் தாங்காத விஷயம் வேறு. அவருக்குப் பிடித்த கதைகளைக் கேட்டால் எப்போதும் சொல்வது நான்கு. லண்டனில் குண்டு மழைக்கு நடுவே வாயுக் கவசம் மாட்டிய சிறுவன் அம்மாவைத் தேடும் ‘தி எம்ப்டி சைல்ட்’. கணப்படுப்பு வழியே பிரெஞ்சு அரண்மனைக்குப் போகும் ‘தி கேர்ள் இன் தி ஃபயர்ப்ளேஸ்’. கண்ணிமைத்தால் சிலை நகரும் ‘பிளிங்க்’. நூலகத்தில் நிழல் ஆளைத் தின்னும் ‘சைலன்ஸ் இன் தி லைப்ரரி’. நான்கையும் எழுதியவர் ஸ்டீவன் மோஃபட். தலைமை எழுத்தாளர் ரஸ்ஸல் டி டேவிஸின் காலத்தில் வருஷத்துக்கு ஒரு கதை என்று எழுதிக்கொண்டிருந்தவர். 2010-இல் டேவிஸ் விலகியதும் முழுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டவர் அவரேதான். அதாவது, தனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர் கையில் தொடர் போய்ச் சேரும் இடத்தில் வந்து அப்பச்சி பார்ப்பதை நிறுத்துகிறார்!

அந்தக் குண்டுவீச்சுக் கதையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஐயா, அப்பச்சியின் தகப்பனார், பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தபோது அங்கே ஒரு கடையில் கடைநிலை வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாக இருந்தார். அந்தக் கதையின் முடிவில் இந்த ஒரு தடவையாவது எல்லோரும் பிழைத்துவிட்டார்கள் என்று டாக்டர் சந்தோஷத்தில் கூவும்போது, அப்பச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ‘பிளிங்க்’ பார்த்த ராத்திரி வேறு மாதிரி. எதிர்வீட்டு முகப்பின் மேலே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய் சுதைச் சிலை இரண்டு உண்டு, சிறுவயதிலிருந்து பார்த்துப் பழகியவை. கதவைச் சாத்தப் போனவர் டார்ச் அடித்து அதுகளையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, “எழுதினவன் சாமானியன் இல்லை” என்றார். எழுதினவன் என்று அவரே சொன்னார், நடித்தவன் என்று சொல்லவில்லை. ‘பிளிங்க்’கில் டென்னன்ட் வருவதே சில நிமிஷம்தான், கதையைத் தாங்குவது கேரி மல்லிகன்.

நடிகர் மாறுவது பெரிய மாற்றமா, எழுத்தாளர் மாறுவதா? என் மனசுக்கு எழுத்தாளர்தான். அதை அவருக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

தேவகோட்டை ரஸ்தா:

ஆச்சி, பாதிதான் ஒப்புக்கொள்வேன். வருஷத்துக்கு ஒரு கதை எழுதுவது வேறு, மொத்தத் தொடரையும் இழுப்பது வேறு. மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை டேவிஸ் பெரும்பாலும் தன் கையால் திருத்தி எழுதுவார், மோஃபட் எழுதியதில் கை வைக்க மாட்டார். அந்த நான்கும் தனித்து நிற்க அதுவும் காரணம். அதே மோஃபட் தலைமைக்கு வந்தபின் 2011 சீசனில் முதல் எபிசோடிலேயே ஏரிக்கரையில் டாக்டர் சாவதைக் காட்டிவிட்டு, முடிச்சைக் கடைசி வரை இழுத்தார். நடுவில் கோடை இடைவெளி வேறு விட்டார்கள். எனக்கு மூச்சு முட்டியது. உங்கள் அப்பச்சிக்குப் பிடித்தது ஒரே ராத்திரியில் முடிகிற கதை. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாளர்தான் எல்லாம் என்றால், 2023-இல் டேவிஸ் திரும்பி வந்தாரே? டென்னன்ட்டையும் மூன்று சிறப்பு எபிசோடுகளுக்குக் கூட்டி வந்தார். அடுத்து ஷூட்டி கட்வாவை டாக்டராக வைத்து 2024, 2025-இல் எட்டெட்டு எபிசோடு. கட்வா நல்ல நடிகர். எழுதியவரும் பழைய ஆள். இருந்தும் பழைய பிடிப்பு எனக்கு வரவில்லை.

கோட்டையூர் வாத்தியார்:

இந்தக் கேள்வி 1966-லேயே வந்துவிட்டது. முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெல்லுக்கு உடம்பு முடியவில்லை. தொடரை நிறுத்தவும் மனமில்லை. டாக்டர் வேற்றுக்கிரகத்து ஆள்தானே, உடம்பு மாறட்டும் என்று முடிவு செய்தார்கள். அக்டோபர் 29-ஆம் தேதி ‘தி டென்த் பிளானட்’ கடைசிப் பகுதியில் ஹார்ட்னெல் தரையில் விழுகிறார், பேட்ரிக் ட்ரௌட்டன் முகம் வருகிறது. ட்ரௌட்டன் முன்னவரைப் போலச் செய்து காட்டவே முயலவில்லை. அவர் கிழட்டுக் கோபக்காரர், இவர் குழல் ஊதிக்கொண்டு திரியும் நாடோடி.

அடுத்த கதை ‘தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்’. அதை எழுதக் கூப்பிட்டது யாரை? 1963-இல் தொடர் தொடங்கியபோது கதைப் பொறுப்பில் இருந்த டேவிட் விட்டேக்கரை. முகம் புதிது, கை பழசு. அவர் செய்தது பெரிய காரியம். பார்க்கிறவர்களின் சந்தேகத்தைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார். கூட வந்த பெண் பாலி நம்புகிறாள், பென் நம்ப மறுக்கிறான். கடைசியில் டாக்டரின் பழைய எதிரியான டாலெக் ஒன்று அவரை அடையாளம் கண்டுகொள்கிறது, எதிரிக்கே தெரிந்துவிட்டது. நம் பக்கம் பிள்ளை கூட்டுகிற (தத்தெடுக்கிற) வீட்டில் நடப்பதும் இதுதான். வந்த பையன் முகத்தில் பழைய ஜாடையைத் தேடிப் பயனில்லை. புள்ளியின் (குடும்பத்தின்) பொறுப்பை அவன் கையில் கொடுத்து, முன்னோருக்குச் செய்யும் படைப்பில் முன்னால் நிறுத்தினால் ஊர் ஏற்றுக்கொள்ளும். நிறுத்த வேண்டியது பெரியவர்கள் வேலை. (அந்த ஆறு பகுதிகளில் ஒன்றுகூட இன்று பிபிசியிடம் முழுதாக இல்லை. ஒலி மட்டும் முழுதாகத் தப்பியது, 2016-இல் அதை வைத்து அனிமேஷனாக வெளியிட்டார்கள். எனக்கு இது தீராத வருத்தம்.)

பெரியவர்கள் நிறுத்தாமல் விட்டதற்குச் சாட்சி பின்னாளில் டாக்டராக நடித்த காலின் பேக்கர். 1984-இல் அவருடைய முதல் கதையிலேயே கூட இருக்கும் பெரி என்ற பெண்ணின் கழுத்தை நெரிக்க வைத்தார்கள். பல வண்ணத் துணி ஒட்டிய கோட்டை மாட்டிவிட்டார்கள். தொடரைப் பதினெட்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு 1986-இல் அவரை நீக்கினார்கள். எழுதியதும் உடுத்தியதும் மற்றவர்கள், பழி மட்டும் அவர் தலையில்.

புதுவயல் விண்கலம்:

அக்கா, வேறு தொடர்களிலும் பாருங்கள். ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ முதல் இரண்டு சீசன் தடுமாறும். நடுவில் மருத்துவராக நடித்த கேட்ஸ் மெக்ஃபேடன் போனார், டயானா மல்டார் வந்தார், அப்புறம் மெக்ஃபேடனே திரும்பினார். ரசிகர்கள் பேசுவது அதைத்தான். உண்மையில் தொடரைத் தூக்கி நிறுத்தியது 1989-இல் மூன்றாம் சீசனுக்குத் தலைமை எழுத்தாளராக வந்த மைக்கேல் பில்லர். வெளியாட்கள் எழுதிய கதைகளுக்கும் கதவைத் திறந்துவிட்டார், ரொனால்ட் டி மூர் அப்படி உள்ளே வந்தவர்தான்.

‘பாபிலோன் 5’ இன்னும் தெளிவு. முதல் சீசனோடு நாயகன் மைக்கேல் ஓ’ஹேர் விலகினார், புரூஸ் பாக்ஸ்லைட்னர் வந்தார். 110 எபிசோடில் 92-ஐ எழுதியவர் ஜே. மைக்கேல் ஸ்ட்ராசின்ஸ்கி ஒருவரே. எந்தப் பாத்திரம் போனாலும் கதை தப்பிக்க வழி வைத்தே எழுதினார். நாயகன் மாறியும் கதை திசை மாறவில்லை.

அதற்காக நடிகர் சும்மா என்று நான் சொல்லவில்லை. ‘ஸ்டார்கேட் எஸ்ஜி-1’ல் டேனியலாக நடித்த மைக்கேல் ஷாங்க்ஸ் இல்லாத ஆறாவது சீசனில் கோரின் நெமெக் எவ்வளவோ உழைத்தார். ஆனாலும் டேனியல் எப்போது வருவார் என்றே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த சீசனில் வந்தும்விட்டார்.

பள்ளத்தூர் வளவு:

எல்லோருக்கும் நன்றி. வாத்தியார் சார் சொன்ன விட்டேக்கர் விஷயம் எனக்குத் தெரியாது, அதைப் படித்ததும் அப்பச்சியின் துக்கம் எங்கிருந்து வந்தது என்று பிடிபட்டது.

டென்னன்ட் போன விதத்தை யோசித்துப் பாருங்கள். வில்ஃப்ரெட் கிழவர் கண்ணாடி அறைக்குள் மாட்டிக்கொண்டு நான்கு தட்டு தட்டுகிறார். அவரை வெளியே விட டாக்டர் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும், போனால் சாவு. கொதித்துக் கத்திவிட்டு, கடைசியில் போகிறார். பிறகு பழகியவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்துவிட்டு, போக மனமில்லை என்று அழுதபடி மாறுகிறார். அப்பச்சிக்கும் வில்ஃப்ரெட்டின் வயசு. தனக்காக ஒரு பிள்ளை செத்துப்போன மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்படி எழுதியது டேவிஸ். அது அவரும் தொடரை விட்டுப் போகிற நேரம். ஆள் மாறுவதை மரணமாக எழுதினார், அப்பச்சி துக்கம் காக்கிறார். எக்கிள்ஸ்டன் சிரித்த முகமாகக் கூட வந்த பெண் ரோஸிடம் விடைபெற்றுப் போனார், அதனால்தான் இரண்டு நாளில் சரியானது. 2013-இல் மேட் ஸ்மித் போகும்போது மோஃபட் எழுதியதில், மனுஷர் வாழ்நாள் முழுக்க மாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள், மாறியதை மறக்காமல் இருந்தால் சரி என்று டாக்டரே சொல்லிவிட்டுப் போவார். நடிகரின் பிரிவு எவ்வளவு வலிக்க வேண்டும் என்பதைக்கூட எழுதுகிறவர்தான் முடிவு செய்கிறார்.

தேவகோட்டை அண்ணே, டேவிஸ் திரும்பியதும் பிடிக்கவில்லை என்றீர்கள். ‘73 யார்ட்ஸ்’ பார்த்தீர்களா? வேல்ஸ் கடலோரத்தில், எப்போதும் அதே தூரத்தில் நின்று கைகளை அசைக்கும் அந்தப் பெண்! 2008-இல் ‘மிட்நைட்’ எழுதிய கைதான் அது. பதினாறு எபிசோடில் இப்படி இரண்டு மூன்றுதான் தேறும் என்றால் மறுக்க மாட்டேன், ஆனால் அது கட்வாவின் குற்றமில்லை.

எனக்குக் கோபம் வருவது, டாக்டராக நடித்த நடிகை ஜோடி விட்டேக்கர் விஷயத்தில். 2020-இல் ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ வந்து, ஹார்ட்னெல்லுக்கு முன்னாலும் டாக்டர்கள் இருந்தார்கள் என்று பழைய கணக்கையே மாற்றியது. அது அப்போதைய தலைமை எழுத்தாளர் கிறிஸ் சிப்னல் எடுத்த முடிவு, எழுதியதும் அவர்தான். திட்டு வாங்கியதோ அந்தப் பெண். டாக்டராகப் பெண் வந்ததால் கெட்டது என்று இன்றும் எழுதுகிறார்கள். எழுதிக் கொடுத்த வசனத்தை முகம் சுளிக்காமல் முழு மனசோடு பேசியவரை அப்படிச் சொல்வது அநியாயம்.

வெள்ளிக்கிழமை ‘தி லெவன்த் ஹவர்’ போடப் போகிறேன். ஸ்மித்தைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். “சிலைக் கதை எழுதினவர் எழுதினது, அப்பச்சி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன்.

கோட்டையூர் வாத்தியார்:

அது போதும். அந்த எபிசோடின் கடைசியில் பழைய பத்து முகங்களும் வரிசையாக வரும், அவற்றுக்குள்ளிருந்து ஸ்மித் நடந்து வருவார். அதுவரை எழ விடாதீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

‘73 யார்ட்ஸ்’ பார்த்தேன் ஆச்சி, அது நல்ல கதை. அதை ஒத்துக்கொள்கிறேன். அப்பச்சி தாக்குப்பிடித்தால், நாலாவது எபிசோடில் அதே சிலைகள் திரும்பி வருகின்றன என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அந்த சீசனில் ரிச்சர்ட் கர்ட்டிஸ் எழுதிய ஓவியர் வான்கா கதையை மட்டும் அசதியான ராத்திரியில் போடாதீர்கள். தூங்கி எழுந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் போடுங்கள்.