மாமாவிடம் இதை எப்படிப் பேசுவது?

வணக்கம் அக்கா, அண்ணன்மாரே. தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். ஒரு யோசனை வேண்டும்.

போன ஞாயிறு, புல் வெட்ட வந்த ஜூலு பையனை மாமா, கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்தக் 'கா' சொல்லால் திட்டினார். அதை எழுதக்கூட எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துத் தெருவில் யாரோ கறுப்பர் திருடினாராம், அதற்காக! இந்தப் பையன் இரண்டு வருடமாக வருகிறான், மிச்சக் காசைக்கூட எண்ணிக் கொடுப்பவன். நம் ஆள் திருடினால் அவன் மட்டும் திருடன், அவர்களில் ஒருவன் திருடினால் இனமே திருட்டு இனமா?

இதே மாமா, கடையில் ஒருத்தன் தன்னைக் 'கூலி' என்றதை இன்றும் சொல்லிச் சொல்லிக் கொதிப்பவர். 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து கரும்புத் தோட்டத்தில் உழைத்தவர்கள் மேல் ஒட்டிய சொல் அது.

2018-இல் அந்தக் 'கா' சொல்லைப் பலமுறை கத்திய ஒரு பெண்ணுக்கு இங்கே நீதிமன்றம் சிறைத்தண்டனையே கொடுத்தது. அதை எடுத்துச் சொன்னேன். "அவள் வெள்ளைக்காரி" என்று முடித்துவிட்டார்.

என் பத்து வயது மகள், "தாத்தா சொன்னால் நானும் சொல்லலாமா?" என்று கேட்கிறாள்.

மாமாவுக்கு 74 வயது, என்னை வளர்த்தவர். மரியாதை குறையாமல் எப்படிப் பேசுவது? வீட்டுப் பெரியவர்களிடம் பேசி மாற்றியவர்கள் இருந்தால் சொல்லுங்கள், எந்தப் பேச்சு அவர்கள் மனதைத் தொட்டது? அப்புறம், பையனிடம் நான் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். மாமா கேட்காமல் அது போதுமா?