வெள்ளவத்தை வீட்டில் ஹீட் பம்ப் பொருத்துவதற்கு முன் ஆலோசனை வேண்டும்

வணக்கம். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு அருகிலுள்ள எங்கள் பழைய மாடிவீட்டில், வயதான பெற்றோரின் குளியலுக்காக, காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் 200 லீற்றர் ஹீட் பம்ப் ஒன்றைப் பொருத்தவிருக்கிறோம். தாங்கி நிரம்பினால் நீரின் எடை மட்டுமே 200 கிலோ என்பதால், மொட்டைமாடித் தளம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதை யாரைக் கொண்டு பரிசோதிப்பது நல்லது? தனி மின்சுற்று, எர்த், ட்ரிப் சுவிட்ச் ஆகியவற்றை மின்னியலாளர் முன்கூட்டியே செய்து தருவார். எனக்கு அதிகம் கவலை தருவது உப்புக்காற்றுதான். இந்தப் பகுதியில் ஏசியின் வெளி அலகுகளே விரைவில் துருப்பிடித்துவிடுகின்றன. காற்றோட்டம் தடைப்படாமலும், அலகிலிருந்து சொட்டும் நீர் அயல்வீட்டுச் சுவரில் விழாமலும், கடற்காற்று நேரே படாமலும் இருக்க அதை எங்கே வைத்தீர்கள் என்பதைக் கரையோரத்தில் வசிப்பவர்கள் தயவுசெய்து அறியத் தாருங்கள்.